எந்த கன்சோல் சிறந்தது? விடை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது

புதிய கன்சோல் ஒன்று வரும்போதெல்லாம் பழைய சண்டையும் கூடவே கிளம்பும். சூப்பர் நின்டெண்டோவா, மெகா டிரைவா? பிளேஸ்டேஷன் 3-ஆ, எக்ஸ்பாக்ஸ் 360-ஆ? ஒருவர் விற்பனைக் கணக்கை எடுத்து நீட்டுவார். இன்னொருவர் ப்ராசஸரின் வேகத்தைச் சொல்வார். மூன்றாமவர் பத்து வயதில் தான் விளையாடிய கேமின் பெயரைச் சொல்லிவிட்டு, இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பார். மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக உள்ளே வருபவர் குழம்பிப்போவது இதனால்தான்.

தலைமுறை என்ற சொல்லில் தொடங்கி, அடிக்கடி காட்டப்படும் எண்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அப்புறம் ஒவ்வொரு தலைமுறைக்கும் என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன்.

## தலைமுறை என்றால் என்ன?

கன்சோல் என்பது டிவியில் இணைத்து கேம் ஆடுவதற்கென்றே செய்த கணினி. ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வாடிக்கையாளரைப் பிடிக்கப் போட்டியிட்ட கன்சோல்களை ஒரு கூட்டமாகச் சேர்த்துத் தலைமுறை என்கிறோம். 1972-ல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி முதல் தலைமுறை. சண்டை சூடாக நடப்பது பெரும்பாலும் நான்காம் தலைமுறையிலிருந்துதான்:

1. நான்காம் தலைமுறை: பிசி எஞ்சின் (1987), சேகாவின் மெகா டிரைவ் (1988), சூப்பர் நின்டெண்டோ (1990).
2. ஐந்தாம் தலைமுறை: சேகா சாட்டர்ன், சோனியின் பிளேஸ்டேஷன் (இரண்டும் 1994), நின்டெண்டோ 64 (1996).
3. ஆறாம் தலைமுறை: சேகாவின் டிரீம்காஸ்ட் (1998), பிளேஸ்டேஷன் 2 (2000), நின்டெண்டோவின் கேம்கியூப், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் (இரண்டும் 2001).
4. ஏழாம் தலைமுறை: எக்ஸ்பாக்ஸ் 360 (2005), பிளேஸ்டேஷன் 3, நின்டெண்டோவின் வீ (இரண்டும் 2006).
5. எட்டாம் தலைமுறை: வீ யூ (2012), பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் (இரண்டும் 2013).
6. ஒன்பதாம் தலைமுறை: பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் (மூன்றும் 2020).

இவை ஒவ்வொரு கன்சோலும் உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ஆண்டுகள். மற்ற நாடுகளுக்குச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கழித்துத்தான் போயின.

இப்படி வகுத்தது எந்த நிறுவனமும் இல்லை. கேம் வரலாற்றை எழுதியவர்கள் பின்னாளில் வசதிக்காகப் போட்ட கோடு இது. அதனால் ஓரங்களில் பிசிறடிக்கும். 1977-ல் வந்த அட்டாரி 2600-ம் 1982-ல் வந்த கொலிகோவிஷனும் ஒரே இரண்டாம் தலைமுறையில் உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் ஐந்தாண்டு இடைவெளியோடு. டிரீம்காஸ்டுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் நடுவில் மூன்று ஆண்டுகள். சிப்புகள் தாவிக்கொண்டிருந்த காலம் அது. டிரீம்காஸ்ட் ப்ராசஸர் 200 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 கோடி துடிப்புகள்), எக்ஸ்பாக்ஸ் ப்ராசஸர் 733 மெகாஹெர்ட்ஸ். வீ இன்னும் வேடிக்கையான கேஸ்: தலைமுறைக் கணக்கில் ஏழாவது, ஆனால் உள்ளே இருந்தது ஆறாம் தலைமுறை கேம்கியூபின் வேகம் கூட்டிய வடிவம்தான்.

ஆக, ஒரு தலைமுறையில் ஓடியவர்கள் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கவில்லை. கடைசியாக வந்தவர் வேகமாக இருப்பதில் வியப்பில்லை. முதலில் வந்தவரிடம் அதிக கேம்கள் இருப்பதிலும் வியப்பில்லை.

## பிட் கணக்கு எங்கே ஏமாற்றும்?

தொண்ணூறுகளின் விளம்பரங்களில் பெரிதாக இருந்த எண் 'பிட்'. ஒரு ப்ராசஸர் ஒரே நேரத்தில் எவ்வளவு பெரிய எண்ணைக் கையாளும் என்பதைச் சொல்வது அது. 8 பிட் என்றால் 0 முதல் 255 வரை. 16 பிட் என்றால் 65,535 வரை. எண் பெரிதாக இருந்தால் கணக்கு வேகமாக நடக்கும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் படத்தின் அழகையோ கேமின் தரத்தையோ அது அளப்பதில்லை.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த இன்டெலிவிஷனிலேயே 16 பிட் ப்ராசஸர் இருந்தது. அதற்குப் பின்னால் மூன்றாம் தலைமுறையில் வந்த 8 பிட் நின்டெண்டோவின் கேம்களோடு அதன் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது புதியது என்று யாரும் சொல்லிவிடலாம். மறுபக்கம், 16 பிட் தலைமுறையில் சேர்க்கப்படும் பிசி எஞ்சினின் மைய ப்ராசஸர் 8 பிட்தான். அதன் கிராஃபிக்ஸ் சிப் நன்றாக இருந்ததால் போட்டியில் தாக்குப்பிடித்தது. 1993-ல் அட்டாரி ஜாகுவார் 64 பிட் என்று முழங்கிக்கொண்டு வந்தது. நல்ல கேம்கள் போதவில்லை. 1996-ல் கதை முடிந்தது.

ஆறாம் தலைமுறையில் இந்தக் கணக்கு தானாகவே செத்துப்போனது. டிரீம்காஸ்டையும் பிளேஸ்டேஷன் 2-ஐயும் 128 பிட் என்றார்கள். அந்தத் தலைமுறையிலேயே பலம் வாய்ந்த எக்ஸ்பாக்ஸில் இருந்ததோ 32 பிட் பென்டியம் 3 வகை ப்ராசஸர்.

வேகத்தை மட்டும் பார்ப்பதிலும் இதே சிக்கல்தான். மெகா டிரைவின் மோட்டரோலா 68000 சிப் சுமார் 7.6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. சூப்பர் நின்டெண்டோவின் ப்ராசஸர் அதிகபட்சம் 3.58. இரண்டு மடங்கு வேகம் என்று தோன்றும். ஆனால் ஓர் ஆணையை முடிக்க சூப்பர் நின்டெண்டோ ப்ராசஸருக்குக் குறைந்த துடிப்புகளே தேவைப்பட்டன, அதனால் உண்மையான இடைவெளி அவ்வளவு இல்லை. இருந்தாலும் மெகா டிரைவ் முந்தியது என்பது நிஜம். திரை நிறையக் குண்டுகள் பறக்கும் கிராடியஸ் 3 போன்ற கேமில் சூப்பர் நின்டெண்டோ மூச்சுவாங்கி மந்தமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிறத்தில் நிலைமை தலைகீழ்: சூப்பர் நின்டெண்டோ 32,768 நிறங்களிலிருந்து 256 வரை ஒரே திரையில் காட்டும், மெகா டிரைவ் 512-லிருந்து அறுபது சொச்சம். ஒலியிலும் இரண்டும் வேறு வேறு குணம். மெகா டிரைவின் எஃப்எம் சிப்பிலிருந்து உலோகம் உரசுவதுபோல முறுக்கான ஒலி வரும். சூப்பர் நின்டெண்டோவின் ஒலிச் சிப்பைச் செய்து கொடுத்தது சோனி, வடிவமைத்தவர் கென் குடராகி. பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கி நின்டெண்டோவையே தோற்கடித்தவர் அவர்தான்.

## கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்: ஒரே நடைவழி, மூன்று கன்சோல்

'கிராஃபிக்ஸ் எதில் நன்றாக இருந்தது?' என்ற கேள்விக்கு ஏன் ஒற்றை விடை இல்லை என்பதை ஐந்தாம் தலைமுறை நன்றாகக் காட்டும். முப்பரிமாணக் கேம்கள் வீட்டுக்குள் வந்த காலம். எது சரியான வழி என்று யாருக்கும் தெரியாததால் மூன்று நிறுவனங்களும் மூன்று திசையில் போயின.

முதல் பிளேஸ்டேஷனில் ஒரு நீண்ட நடைவழியில் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் செங்கல் வரிசை நேராக இருக்க வேண்டும். ஆனால் நெருங்க நெருங்க அது வளைந்து நெளியும். தரையில் சதுரக் கட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் குறுக்கே மடித்த காகிதம்போலத் தெரியும். கேமராவை மெல்லத் திருப்பினால் கதவு, தூண் எல்லாவற்றின் மூலைகளும் வழுக்கிக்கொண்டு போகாமல் துள்ளித் துள்ளி நகரும்.

காரணம் இரண்டு:

1. சுவரின் மேல் படத்தை ஒட்டும்போது தூரத்தை இந்தக் கன்சோல் கணக்கில் எடுப்பதில்லை. முக்கோணத்தின் மூன்று மூலைகளுக்கு நடுவே படத்தைச் சீராக இழுத்து ஒட்டிவிடும். தொலைவில் இருக்கும் பாதி சுருங்கித் தெரிய வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.
2. மூலைகள் எங்கே விழும் என்ற கணக்கு முழு பிக்சலில் (திரையின் மிகச் சிறிய புள்ளி) தான் முடியும். இந்தப் பிக்சல் அல்லது அடுத்த பிக்சல், நடுவில் நிற்க வழியில்லை. துள்ளல் அங்கிருந்து வருகிறது.

அதே நடைவழியை நின்டெண்டோ 64-ல் நடந்தால் சுவர் நெளியாது, மூலைகள் துள்ளாது. தூரக் கணக்கைச் சரியாகப் போடும் வன்பொருள் அதில் இருந்தது. ஆனால் செங்கல் ஒவ்வொன்றும் தண்ணீரில் கரைத்ததுபோல மங்கலாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒட்டுகிற படத்தை வைத்துக்கொள்ள அதனிடம் இருந்த இடம் வெறும் 4 கேபி. சின்னப் படத்தைப் பெரிதாக இழுத்து, ஓரங்களை மழுப்பி ஒட்டியதால் அந்த மங்கல். இன்னொரு சிக்கல், கார்ட்ரிட்ஜ், அதாவது சிடிக்குப் பதிலாகக் கேமை வைத்திருந்த சிப் பெட்டி. நின்டெண்டோ 64-ன் மிகப் பெரிய கார்ட்ரிட்ஜே 64 எம்பிதான். பிளேஸ்டேஷனின் ஒரு சிடியில் சுமார் 650 எம்பி. 1997-ல் ஃபைனல் ஃபேண்டஸி 7 மூன்று சிடிகளில் வந்தது. அந்தத் தொடரை அதுவரை நின்டெண்டோவுக்கே செய்துவந்த ஸ்கொயர் நிறுவனம் கட்சி மாறியதற்கு இந்த இடப் பற்றாக்குறை முக்கியக் காரணம். பதிலுக்கு, கார்ட்ரிட்ஜில் லோடிங்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிடியில் ஒவ்வொரு கதவுக்கும் காத்திருக்க வேண்டும்.

சாட்டர்ன்? அதில் இரண்டு ப்ராசஸர்கள். இரண்டும் ஒரே பாதையில் நினைவகத்தை அணுகியதால் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் முக்கோணங்களால் உலகத்தைக் கட்டியபோது இது நாற்கரங்களால் கட்டியது. மற்ற கன்சோலுக்கு எழுதிய கேமை இதற்கு மாற்றுவது பெரும்பாடு. ஆனால் தட்டையான இருபரிமாணச் சண்டைக் கேம்களில் சாட்டர்னை அந்தத் தலைமுறையில் யாரும் தொட முடியவில்லை.

எதில் கிராஃபிக்ஸ் நன்றாக இருந்தது என்று இப்போது கேட்டால், நெளிவு தொந்தரவா மங்கல் தொந்தரவா என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

## விற்பனை எதை நிரூபிக்கிறது?

'அதிகம் விற்றதே சிறந்தது' என்பது வாதத்தை ஒரே அடியில் முடிக்கப் பார்க்கும் வழி. முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். பிளேஸ்டேஷன் 10 கோடியே 24 லட்சம், நின்டெண்டோ 64 சுமார் 3 கோடியே 29 லட்சம், சாட்டர்ன் ஒரு கோடியைத் தொடவில்லை. அடுத்த தலைமுறையில் பிளேஸ்டேஷன் 2 சுமார் 16 கோடி. எக்ஸ்பாக்ஸ் சுமார் 2 கோடியே 40 லட்சம், கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம். டிரீம்காஸ்ட் இங்கேயும் ஒரு கோடிக்குக் கீழே.

விற்பனை என்பது விலை, நேரம், கடைக்காரர், விளம்பரம், போட்டியாளரின் தவறு எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. 1995 மே மாதம் அமெரிக்காவில் நடந்த இ3 என்ற கேம் கண்காட்சியில், செப்டம்பரில் வருவதாகச் சொல்லியிருந்த சாட்டர்ன் இன்றே விற்பனைக்கு என்று சேகா அறிவித்தது. விலை 399 டாலர். அடுத்து சோனியின் முறை. அதன் அமெரிக்கக் கேம் பிரிவின் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி '299' என்ற ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நூறு டாலர் வித்தியாசம். சேகா அவசரப்பட்டதில் சரக்குக் கிடைக்காத கடைகளும் கேம் தயாராகாத நிறுவனங்களும் கடுப்பானது தனிக்கதை. இதில் எதுவும் சாட்டர்னில் ஓடிய கேம்களின் தரத்தைப் பற்றியது இல்லை.

பிளேஸ்டேஷன் 2-ன் கதையும் இதேபோல. அது டிவிடி படமும் பார்க்கக்கூடிய கருவி. தனி டிவிடி பிளேயருக்கே நல்ல விலை இருந்த நேரத்தில் வந்தது. பழைய பிளேஸ்டேஷன் கேம்களையும் ஓட்டியது. வன்பொருளில் அது எக்ஸ்பாக்ஸுக்கும் கேம்கியூபுக்கும் கீழேதான். ரெசிடென்ட் ஈவில் 4 முதலில் 2005 ஜனவரியில் கேம்கியூபில் வந்தது. அதே ஆண்டு பின்னால் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தபோது வெளிச்சமும் நுணுக்கங்களும் குறைந்திருந்தன. கேம் ஓடும்போதே அந்த இடத்திலேயே வரைந்து காட்டிய காட்சிகளை, முன்கூட்டியே பதிவு செய்த வீடியோவாக மாற்ற வேண்டியிருந்தது. அதனால் நாயகனின் உடையை மாற்றி ஆடினாலும் அந்தக் காட்சிகளில் அவர் பழைய உடையிலேயே வருவார்.

நாடு மாறினால் விற்பனையின் தீர்ப்பும் மாறும். அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோவோடு தோளோடு தோள் நின்ற மெகா டிரைவ், பிறந்த ஜப்பானில் பிசி எஞ்சினுக்கும் பின்னால் மூன்றாம் இடம். அமெரிக்காவில் 8 பிட் நின்டெண்டோவிடம் அடிவாங்கிய சேகா மாஸ்டர் சிஸ்டம், பிரேசிலில் வீட்டுப் பெயரானது.

சரி, அப்படியானால் விற்பனைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் சுற்றி வளைத்து வருகிறது. அதிகம் விற்ற கன்சோலுக்கு டெவலப்பர்கள் அதிக கேம் செய்வார்கள். சின்ன ரசிகர் கூட்டத்துக்கான விசித்திரக் கேம்கூட 16 கோடிப் பேர் மத்தியில் தனக்கான ஆட்களைக் கண்டுபிடித்துவிடும். பிளேஸ்டேஷன் 2-ல் அவ்வளவு வகை வகையான கேம்கள் வந்தது இப்படித்தான். விற்பனையைச் சான்றாகக் காட்டுபவர் அந்த அடுத்த படியையும் சேர்த்துச் சொன்னால் வாதம் நிற்கும்.

## எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம்?

சண்டைகள் முடியாமல் நீள்வதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய காரணம் இதுதான், ஆனால் அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு தலைமுறை ஆறேழு ஆண்டுகள் ஓடும். நடுவில் விலை இறங்கும், இயந்திரம் திருத்தப்படும், கேம்கள் சேரும், டெவலப்பர்களின் கை பழகும். முதல் ஆண்டில் இருந்த கன்சோலும் ஏழாம் ஆண்டில் இருக்கும் கன்சோலும் பெயரளவில்தான் ஒன்று. தான் கன்சோல் வாங்கிய ஆண்டைத்தான் ஒவ்வொருவரும் தலைமுறை முழுவதுமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஏழாம் தலைமுறையை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்ப்போம்.

2006 முடிவு. எக்ஸ்பாக்ஸ் 360 ஓராண்டு முன்னதாகவே வந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று இரண்டு விலைகளில் வருகிறது, சொல்லிக்கொள்ளும்படி கேம்கள் குறைவு. வீ 249 டாலர். கையை வீசி டென்னிஸ் ஆடலாம் என்பதால் இதுவரை கன்ட்ரோலரைத் தொடாதவர்கள்கூட வரிசையில் நிற்கிறார்கள். இந்தத் தேதியில் பிளேஸ்டேஷன் 3-ஐச் சிறந்தது என்று வாதாட வழியே இல்லை.

2008 வாக்கில். இரண்டு கன்சோலிலும் வரும் பெரும்பாலான கேம்கள் எக்ஸ்பாக்ஸ் 360-ல்தான் சீராக ஓடுகின்றன. காகிதத்தில் பார்த்தால் பிளேஸ்டேஷன் 3-ன் செல் ப்ராசஸர்தான் பலசாலி. ஆனால் அந்தப் பலம் ஒரு முதன்மைக் கரு (கோர், ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் அலகு), அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் துணைக் கருக்கள் என்று பிரிந்து கிடந்தது. வேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துணைக் கருவுக்கும் டெவலப்பரே ஊட்ட வேண்டும். நினைவகமும் 256 எம்பி ப்ராசஸருக்கு, 256 எம்பி கிராஃபிக்ஸுக்கு என்று நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-ல் அதே 512 எம்பி ஒரே குவியலாக இருந்தது, எதற்கு எவ்வளவு என்பதை டெவலப்பர் முடிவு செய்துகொள்ளலாம். ஆன்லைன் வசதியிலும் 360 முன்னால். ஆனால் பெட்டி சூடாகி, முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகும் பிரச்சினை அதன் தலையில் விழுந்தது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்தக் கோளாறுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் அறிவித்து, நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. நல்ல கேம்கள் உள்ள, ஆனால் எப்போது சாகும் என்று தெரியாத பெட்டியைச் சிறந்தது என்பதா? 2008-ல் இது உண்மையான கேள்வி.

2013 நடுப்பகுதி. பிளேஸ்டேஷன் 3 மெலிந்த வடிவத்துக்கு வந்து நான்காண்டு ஆகப்போகிறது, விலையும் இறங்கிவிட்டது. சோனியின் சொந்த ஸ்டுடியோக்கள் செல் ப்ராசஸரைக் கரைத்துக் குடித்துவிட்டன. 2009-ல் அன்சார்டட் 2, 2013 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ். மைக்ரோசாஃப்டின் கவனமோ 2010-லிருந்து, உடல் அசைவைப் பார்த்து கேமை இயக்கும் கினெக்ட் கேமரா பக்கம் சாய்ந்துவிட்டது. வீயில் புதிய கேம்கள் வருவது ஏறக்குறைய நின்றேபோனது. அதற்காகப் பிளேஸ்டேஷன் 3-ன் பழைய நோய் தீர்ந்துவிட்டது என்றும் இல்லை. 2011-ல் வந்த ஸ்கைரிமில், சேமித்த கோப்பு வளர வளர பிளேஸ்டேஷன் 3 பதிப்பு திணறத் தொடங்கியதை அப்போது ஆடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கியவரும் 2012-ல் பிளேஸ்டேஷன் 3 வாங்கியவரும் தத்தம் ஆண்டில் சரியாகவே வாங்கினார்கள். இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து வாதாடினால் விடியவிடிய முடியாது.

## கேள்வியைப் பிரித்துக் கேட்டால்

'சிறந்தது' என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன:

1. வன்பொருள் எதில் பலம்? இதற்குப் பெரும்பாலும் விடை உண்டு. ஆனால் அந்தப் பலம் டெவலப்பரின் கைக்கு எட்டியதா என்ற துணைக் கேள்வி இல்லாமல் பயனில்லை.
2. எது வென்றது? விற்பனை. நாட்டையும் ஆண்டையும் சொல்லிவிட்டால் சண்டை இல்லை.
3. எதில் நல்ல கேம்கள் அதிகம்? உச்சத்தைப் பார்ப்பதா, பரப்பைப் பார்ப்பதா என்று இங்கே இரண்டாகப் பிரியும். நின்டெண்டோ 64-ல் கேம்கள் குறைவு, ஆனால் சூப்பர் மாரியோ 64-ம் (1996) ஒக்கரினா ஆஃப் டைமும் (1998) முப்பரிமாண உலகில் கேமராவும் கன்ட்ரோலரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தன. பிளேஸ்டேஷனில் கேம்கள் ஆயிரக்கணக்கில், வகைகளும் அதிகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.
4. நிறுவனத்தின் விதி எப்படி? இது சிப்பில் தெரியாத விஷயம். 1993-ல் மார்ட்டல் காம்பாட் வீட்டுக்கு வந்தபோது, சூப்பர் நின்டெண்டோவில் ரத்தத்துக்குப் பதில் வியர்வை தெறித்தது. மெகா டிரைவில் ஒரு ரகசியக் குறியீட்டைப் போட்டால் ரத்தம் வரும். படத்தில் சூப்பர் நின்டெண்டோ பதிப்பு அழகு, விற்பனையில் மெகா டிரைவ் பதிப்பு முன்னால்.
5. அடுத்தவர்கள் எதைப் பார்த்துப் பழகினார்கள்? போட்டியாளர் பின்னாளில் தன் இயந்திரத்திலும் வைத்துக்கொண்ட அம்சம் எதனுடையது என்ற கேள்வி.

எனக்கு மூன்றாவதும் ஐந்தாவதும்தான் முக்கியம். வாங்கியவருக்குக் கிடைத்தது மூன்றாவது, வாங்காதவருக்கும் கிடைத்தது ஐந்தாவது. அப்படி எடைபோட்டால் என் தீர்ப்புகள் இவை.

நான்காம் தலைமுறையில் சூப்பர் நின்டெண்டோ, மயிரிழையில். நீண்ட கதைசொல்லும் கேம்களில் மெகா டிரைவ் பக்கத்தில் வர முடியவில்லை. வேகமான அதிரடிக் கேம்களும் விளையாட்டுப் போட்டிக் கேம்களும் மட்டும் பிடித்தவருக்கு மெகா டிரைவே சரி, அவரோடு நான் வாதாட மாட்டேன்.

ஐந்தாம் தலைமுறையில் பிளேஸ்டேஷன். இங்கே ஒரு கடனை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டைவிரலால் நகர்த்தும் அனலாக் குச்சியை இயல்பான பழக்கமாக்கியது நின்டெண்டோ 64. அதற்குப் பிறகுதான், 1997-ல், சோனி இரண்டு குச்சிகள் வைத்த டூயல்ஷாக் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. இன்றைய கன்ட்ரோலர்களின் வடிவம் அந்த இரண்டும் சேர்ந்த கலவை.

ஆறாம் தலைமுறையில் தீர்ப்பு சொல்வதுதான் எனக்குக் கடினம். மூன்றாம் கேள்விக்குப் பிளேஸ்டேஷன் 2, சந்தேகமே இல்லை. ஐந்தாம் கேள்விக்கு டிரீம்காஸ்ட், அப்புறம் எக்ஸ்பாக்ஸ். பெட்டிக்குள்ளேயே இணையத்தில் இணைக்கும் மோடத்தை வைத்து ஆன்லைன் ஆட்டத்தை இயல்பாக்கப் பார்த்தது டிரீம்காஸ்ட். 2001 ஜனவரி 31 அன்று சேகா அதன் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது அமெரிக்காவில் அதற்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. எக்ஸ்பாக்ஸ் உள்ளேயே ஹார்ட் டிஸ்கையும் பிராட்பேண்ட் இணைப்பையும் வைத்தது, 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவையைத் தொடங்கியது. இன்றைய கன்சோல் எதைத் திறந்து பார்த்தாலும் அந்த எக்ஸ்பாக்ஸின் வாரிசாகவே இருக்கும். ஆனாலும் அந்த ஆண்டுகளில் ஒரே ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்றால் பிளேஸ்டேஷன் 2-ஐத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஏழாம் தலைமுறையில் எக்ஸ்பாக்ஸ் 360, அதன் கோளாறுகளோடு சேர்த்தே. கேமுக்குள் இதைச் செய்தால் இத்தனை புள்ளி என்ற சாதனைப் பட்டியலைக் கன்சோல் முழுக்க விரித்தது அதுதான். பிளேஸ்டேஷன் 3-க்கு அதே வகையான டிராஃபிகள் வந்தது 2008-ல். சிறு குழுக்கள் செய்த கேம்களை இணையத்தில் இறக்கி ஆடும் பழக்கமும் பெரிய அளவில் அங்கேதான் வேர்விட்டது. 10 கோடிக்கு மேல் விற்ற வீ புதியவர்களை உள்ளே அழைத்துவந்த சாதனை பெரிது, ஆனால் அந்த அசைவுக் கட்டுப்பாட்டைப் பார்த்து மற்ற இருவரும் 2010-ல் செய்த கருவிகள் நிலைக்கவில்லை.

எட்டாம் தலைமுறை சீக்கிரம் முடிந்த விஷயம். எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், பிளேஸ்டேஷன் 4 399 டாலர், அதுவும் கூடுதல் பலத்தோடு. தினமும் ஒரு தடவையாவது இணையத்தில் இணைய வேண்டும், பழைய டிஸ்கை விற்க வாங்கக் கட்டுப்பாடு என்றெல்லாம் மைக்ரோசாஃப்ட் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2013 ஜூனில் பின்வாங்கியது. அதற்குள் போன பெயர் போனதுதான்.

## இப்போதைய தலைமுறையில் என்ன குழப்பம்?

பழைய பிட் கணக்கு இன்று டெராஃப்ளாப்ஸ் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. ஒரு நொடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்குகளைக் கிராஃபிக்ஸ் சிப் போடும் என்ற அளவு அது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12.15, பிளேஸ்டேஷன் 5 10.28. எண்ணில் எக்ஸ்பாக்ஸ் முன்னால், சேமிப்பகத்திலிருந்து தரவை எடுக்கும் வேகத்தில் பிளேஸ்டேஷன் முன்னால்: நொடிக்கு 5.5 ஜிபி, எக்ஸ்பாக்ஸில் 2.4 ஜிபி. இரண்டிலும் வரும் கேமைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் பெரும்பாலும் எது எது என்று கண்டுபிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் வந்தது. மைக்ரோசாஃப்ட் 4 டெராஃப்ளாப்ஸ் கொண்ட மலிவான சீரிஸ் எஸ்-ஐயும் விற்கிறது. இரண்டிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்பது விதி. 2023-ல் பால்டர்ஸ் கேட் 3 பிளேஸ்டேஷன் 5-க்கு செப்டம்பரில் வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆனது. திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியைச் சீரிஸ் எஸ்-ல் ஓட வைக்க முடியாமல், அந்த ஒன்றுக்கு விதிவிலக்கு கொடுத்த பிறகே வந்தது.

நல்ல கேம்கள் எதில் என்ற கேள்வியே இந்தத் தலைமுறையில் ஆட்டம் காணத் தொடங்கியிருக்கிறது. ஒரு கன்சோலுக்கு மட்டுமே உரிய கேம்கள்தான் இத்தனை காலமும் அந்தச் சண்டையின் எரிபொருள். சோனியின் காட் ஆஃப் வார் 2022-ல் கணினிக்கு வந்தது. மைக்ரோசாஃப்டின் சீ ஆஃப் தீவ்ஸ் 2024-லும், ஃபோர்ஸா ஹொரைசன் 5 2025-லும் பிளேஸ்டேஷன் 5-க்கே வந்துவிட்டன. தன் வீட்டுக் கேமை எதிர்வீட்டிலேயே விற்கும் நிறுவனத்தின் பெட்டியை எந்தக் கேள்வியால் எடைபோடுவது என்பது புதிய சிக்கல்.

நின்டெண்டோ மட்டும் தன் கேம்களை வெளியே விடவில்லை. அதன் ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது, 15 கோடிக்கும் மேல் விற்றது, டிவியிலும் கையிலும் ஓடியது. வீ யூவுக்குப் பின் வந்தாலும் அதை எட்டாம் தலைமுறையிலேயே வைப்பவர்கள் உண்டு, ஒன்பதில் வைப்பவர்களும் உண்டு. எட்டில் வைத்தால் பிளேஸ்டேஷன் 4-ன் எளிய வெற்றி கேள்விக்குள்ளாகிறது. ஒன்பதில் வைத்தால் பிளேஸ்டேஷன் 5-ஐ எண்ணிக்கையில் தாண்டி நிற்கிறது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 இதை இன்னும் சிக்கலாக்குகிறது. அதன் முதல் நாள் கேம்களில் ஒன்று, 2020-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்து அங்கே ஓட முடியாமல் திணறிய சைபர்பங்க் 2077.